பயிற்சிச் செலவு யாருடைய கணக்கில்?

சிறுதொழில் கடன் வேண்டி நம் கிளைகளுக்கு வரும் திட்ட அறிக்கைகளில் இயந்திரத்தின் விலை, கட்டட வாடகை, மின் இணைப்பு, மூலப்பொருள், நடைமுறை மூலதனம் ஆகிய அனைத்தும் பக்கம் பக்கமாகக் கணக்கிடப்பட்டிருக்கும். அந்த இயந்திரத்தை இயக்கப்போகிறவரைப் பற்றி ‘திறன்மிகு பணியாளர் இருவர்’ என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த இருவர் எங்கிருந்து வருவர், எங்குப் பயின்றவர், அவருடைய பயிற்சிச் செலவை ஏற்றவர் யார் என்னும் வினாக்களுக்கு அறிக்கையில் இடமில்லை. ஆயினும், கடன் தவணை தவறியதற்கான காரணங்களைக் கேட்கும்போது, ‘சந்தை மந்தம்’, ‘வரவேண்டிய பணம் வரவில்லை’ என்பவற்றோடு ‘ஆள் கிடைக்கவில்லை’ என்பதும் சேர்ந்தே வருகிறது.

அதே கிளைக்கு மற்றொரு வகை வாடிக்கையாளரும் வருகின்றனர். மகனையோ மகளையோ தொழிற்பயிற்சியில் சேர்த்து, கட்டணம் செலுத்தி, சான்றிதழும் பெற்றபின், ‘வேலை மட்டும் அமையவில்லை’ என்று சொல்லும் பெற்றோர் அவர்கள். ஒருபுறம் ஆளில்லாத இயந்திரம். மறுபுறம் வேலையில்லாத சான்றிதழ். இவ்விரண்டும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே தெருவில், அருகருகே இருப்பது எதனால்? தொழிற்கல்வியைப் பற்றி அண்மைக் காலத்தில் நடைபெற்றுவரும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வினாவையே சுற்றி வருகின்றன. அவை கூறுவனவற்றை, வங்கியாளருக்குப் பழக்கமான வரவு செலவுக் கண்ணோட்டத்தில் இக்கட்டுரையில் பார்ப்போம்.

நாட்டின் நிலை

விடுதலைக்குப் பின், 1950ஆம் ஆண்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் ஏறத்தாழ 50 நிலையங்களுடன் தொடங்கப்பெற்றது. இன்று ஐ.டி.ஐ. என்று யாவரும் அறிந்த தொழிற்பயிற்சி நிலையங்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவற்றுள் பெரும்பான்மையானவை தனியாருடையவை. 1961ஆம் ஆண்டில் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டு இறுதியில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. 2014இல் திறன் மேம்பாட்டுக்கெனத் தனி அமைச்சகமும், அதன்பின் தொழிற்கல்விக்கெனத் தேசிய ஒழுங்குமுறை மன்றமும் அமைந்தன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளியிலும் கல்லூரியிலும் பயில்வோருள் பாதிப் பேருக்கேனும் தொழிற்கல்வி அறிமுகம் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது.

சட்டமும் நிலையங்களும் குறைவில்லை. ஆயினும், 2023-24ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை காட்டிய கணக்கின்படி, 15 முதல் 29 வயது வரையுள்ள இளையோருள் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர் 4.4 விழுக்காட்டினர் மட்டுமே. 16.6 விழுக்காட்டினர் தந்தையின் பட்டறையிலோ, உறவினர் கடையிலோ, பணியிடத்தில் பார்த்துப் பழகியோ முறைசாராப் பயிற்சி பெற்றவர்கள். கைத்தொழிலை நம் மக்கள் பெரும்பாலும் வகுப்பறையில் கற்கவில்லை, வேலை நடக்கும் இடத்தில் கற்றனர் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. ஆகவே, பயிற்சி நிலையமும் தொழிலகமும் கைகோக்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. எந்த நிபந்தனைகளில் கைகோத்தால் அந்தப் பிடி நிலைக்கும் என்பதே ஆய்வுக்குரிய பொருள்.

எண்ணிக்கையிலிருந்து விளைவுக்கு

முன்னர்த் தொழிற்கல்வி பற்றிய அறிக்கைகள், எத்தனை நிலையங்கள், எத்தனை இருக்கைகள், எத்தனை சான்றிதழ்கள் என்று எண்ணின. இப்போது ஆய்வாளர்கள் வேறு வகையில் அளக்கின்றனர். பயிற்சிக்கு விண்ணப்பித்தோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பயிற்சி அளித்து, ஓராண்டோ ஈராண்டோ கழித்து இரு பிரிவினரின் வேலையையும் வருமானத்தையும் ஒப்பிடுகின்றனர். பயிற்சி இல்லாமலே வேலை பெற்றிருக்கக் கூடியவர்களைப் பயிற்சியின் வெற்றியாகக் கணக்கில் ஏற்றிக்கொள்வதை இம்முறை தடுக்கிறது.

இவ்வாறு அளந்தபோது கிடைத்த முடிவு பணிவைக் கற்பிப்பது. வளரும் நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளை 2017ஆம் ஆண்டில் தொகுத்து மதிப்பிட்ட உலக வங்கியின் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி, நூறு பேருக்குப் பயிற்சி அளித்தால் அப்பயிற்சியின் காரணமாக மட்டும் கூடுதலாக வேலை பெறுவோர் சராசரியாக இரண்டு அல்லது மூன்று பேரே என்று கண்டார்.

சராசரி இவ்வாறு இருப்பினும், எல்லாத் திட்டங்களும் ஒரே அளவில் தோற்கவில்லை. கொலம்பியா நாட்டில் இளையோருக்கான ஒரு திட்டத்தில் மூன்று மாதம் வகுப்பறைப் பயிற்சியும், மூன்று மாதம் தொழிலகத்தில் நேரடிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. பயிற்சி நிறுவனமே தொழிலகத்தைத் தேடி உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது. அத்திட்டத்தில் பயின்ற பெண்களின் வருமானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வகுப்பறைக்கு அப்பால் ஒரு தொழிலகத்தின் கதவு திறந்திருந்ததா என்பது பெரிய வேறுபாடாகத் தெரிகிறது.

பயிற்றுவித்தவர் இழப்பாரா?

அந்தக் கதவைத் திறக்கத் தொழிலதிபர் ஏன் தயங்குகிறார்? ‘நாம் ஓராண்டு சொல்லிக் கொடுப்போம், கை பழகியதும் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகத் தரும் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான்’ என்பது நம் சிறுதொழில் வாடிக்கையாளர்கள் கூறும் விடை. இதில் நியாயம் உண்டு. பொருளியலிலும் இதே தயக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர், 1964இல் வெளியான மனித மூலதனம் பற்றிய தம் நூலில், திறனை இரு வகையாகப் பிரித்தார். ஒரு நிறுவனத்திற்கு மட்டும் பயன்படுவது ஒன்று. எந்த நிறுவனத்திலும் பயன்படுவது மற்றொன்று. வெல்டிங், கடைசல் போன்ற திறன்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இத்தகைய பொதுத்திறனின் பலன் முழுவதும் கற்றவருடன் சென்றுவிடுமாகையால், முதலாளி அதற்குச் செலவிட மாட்டார். கற்பவரே குறைந்த ஊதியம் பெற்று அச்செலவை ஏற்பார் என்பது அவருடைய வாதம்.

நடைமுறையில் ஜெர்மனியின் நிறுவனங்கள் இதற்கு மாறாக நடந்துகொண்டன. அங்கு 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ், பழகுநர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் எஞ்சிய நாள்களில் தொழிலகத்திலும் பயில்கின்றனர். மூன்று, மூன்றரை ஆண்டுகள் நீளும் இப்பயிற்சியில் பல நிறுவனங்கள் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பொதுத்திறனையே கற்பிக்கின்றன. இது எவ்வாறு இயலும் என்பதை டாரன் அசெமோக்லு, யோர்ன்-ஷ்டெஃபன் பிஷ்கே ஆகியோர் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினர். தம்மிடம் பயின்றவரின் உண்மையான திறமை, பயிற்சி அளித்த நிறுவனத்திற்குத் தெரியும். வெளியாருக்கு அவ்வளவு தெரியாது. வேலை மாறுவதும் எளிதன்று. ஆகவே, திறன் உயரும் அளவுக்கு ஊதியம் உடனே உயர்வதில்லை. அந்த இடைவெளியில் நிறுவனம் தான் செலவிட்டதைத் திரும்பப் பெறுகிறது.

ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் ஒப்பிட்ட ஆய்வுகள் மேலும் ஓர் உண்மையைக் காட்டின. சுவிட்சர்லாந்தில், சராசரி நிறுவனம் பயிற்சிக்காலம் முடியும்போதே செலவை ஈடுகட்டிவிடுகிறது. ஏனெனில் பழகுநருக்கு உண்மையான உற்பத்தி வேலை விரைவில் தரப்படுகிறது. ஜெர்மனியில், பயிற்சிக்காலக் கணக்கு சராசரியாக நட்டத்தில் முடிகிறது. ஆனால் பயின்றவர் அங்கேயே நிலையான பணியாளராகத் தொடரும்போது, புதிய ஆளைத் தேடும் செலவு மிச்சமாகி அந்த நட்டம் ஈடாகிறது. இரு நாடுகளிலும் வழி வேறு. ஆனால் தொழிலகத்தின் கணக்கு ஏதோ ஓர் இடத்தில் நேராகிறது. கணக்கு நேராகாத இடத்தில் கூட்டு முயற்சி கையொப்பமிட்ட தாளாகவே நின்றுவிடும் என்பதே இவ்வாய்வுகளின் சாரம்.

இந்திய அனுபவம்: விளிம்புத் தொகை யாருடையது?

கடன் கேட்டு வருபவர் திட்டச் செலவில் ஒரு பகுதியைத் தம் சொந்தப் பணத்திலிருந்து போட வேண்டும் என்று வங்கி கேட்கிறது. இதனை விளிம்புத் தொகை என்கிறோம். சொந்தப் பணம் உள்ளே இருக்கும்போதுதான் அக்கறையும் உள்ளே இருக்கும் என்பது இதன் அடிப்படை. தொழிற்பயிற்சிக் கூட்டு முயற்சிகளுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலை தொடங்கிய காலத்தில், உலைகளை இயக்கும் முக்கியப் பணிகளில் அயல்நாட்டு வல்லுநர்களே இருந்தனர். அவர்களை நெடுங்காலம் நம்பியிருப்பது செலவும் சிக்கலும் நிறைந்தது. எனவே, 1921ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூர் தொழில்நுட்ப நிலையம் நிறுவப்பெற்றது. பெயர் மாறினும் அந்நிலையத்தின் மரபு ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் தொடர்கிறது. தனக்குத் தேவையான ஆள்களைத் தன் செலவில் உருவாக்கிக்கொண்ட நிறுவனத்திற்கு, பயிற்சியின் தரம் குறைந்தால் இழப்பு தன் ஆலையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு வேறு வகையானது. 2007-08இல் 1,396 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைத் தொழிலகங்களின் துணையுடன் மேம்படுத்தும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டு, தொழிலகக் கூட்டாளி அதன் தலைவரானார். அக்குழுவிற்கு நடுவண் அரசு 2.5 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அளித்தது. முதல் 10 ஆண்டுகளுக்குத் தவணை இல்லை. அடுத்த 20 ஆண்டுகளில் சமத் தவணைகளில் திருப்பிச் செலுத்தினால் போதும். இதைவிட எளிய நிபந்தனைகளை எந்த வங்கியும் தர இயலாது. ஆயினும், தலைமை இருக்கையில் அமர்ந்த தொழிலதிபர் தம் பணத்தைப் போட வேண்டிய கட்டாயம் அத்திட்டத்தில் இல்லை. அக்கறையுள்ள கூட்டாளி வாய்த்த இடத்தில் நிலையம் உயர்ந்தது. வாய்க்காத இடத்தில் கட்டடமும் கருவியும் மட்டுமே வந்தன.

மூன்றாவது எடுத்துக்காட்டு, நடுவண் அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின்கீழ் இயங்கும் கருவிக்கூடங்கள். புவனேஸ்வரம், லூதியானா, ஐதராபாத் முதலிய நகரங்களில் உள்ள இக்கூடங்கள், தொழிலகங்களிடமிருந்து அச்சு, வார்ப்புக்கருவி, துல்லியப் பாகங்கள் ஆகியவற்றுக்கான வேலை உத்தரவுகளைப் பெற்றுச் செய்து தருகின்றன. அதே கூரையின்கீழ் மாணவர்களையும் பயிற்றுவிக்கின்றன. மாணவர் தொடும் இயந்திரம் வருமானம் ஈட்டும் இயந்திரமாதலால் அது பழுதாகிக் கிடப்பதில்லை. பாடத்திட்டம் காலத்திற்குப் பின்தங்கினால், வேலை உத்தரவு குறைந்து அதுவே எச்சரிக்கை செய்துவிடும்.

இவ்வனுபவங்களின் தாக்கம் அண்மைக் கொள்கையில் தெரிகிறது. 2025 மே மாதத்தில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்து, அக்டோபரில் பி.எம். சேது என்னும் பெயரில் தொடங்கப்பெற்ற திட்டத்தின் மதிப்பு 60,000 கோடி ரூபாய். இதில் நடுவண் அரசின் பங்கு 30,000 கோடி. மாநிலங்களின் பங்கு 20,000 கோடி. தொழில்துறையின் பங்கு 10,000 கோடி. 200 நிலையங்கள் மையங்களாகவும், அவற்றோடு இணைந்து 800 நிலையங்கள் கிளைகளாகவும், ஆக 1,000 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் மேம்படுத்தப்பட உள்ளன. முந்தைய திட்டத்தில் தொழில்துறைக்கு இருக்கை தரப்பட்டது. இத்திட்டத்தில் ஆறில் ஒரு பங்கு விளிம்புத் தொகையும் கேட்கப்படுகிறது. இது தொகையில் மட்டுமன்றிச் சிந்தனையிலும் நிகழ்ந்துள்ள மாற்றமாகும். பயன் எவ்வாறு அமையும் என்பதை வரும் ஆண்டுகளின் ஆய்வுகளே கூற வேண்டும்.

ஒரு சிறு பட்டறையின் கணக்கு

பெருந்தொழிலகங்களின் செய்தி இருக்கட்டும். பன்னிரண்டு பேர் பணியாற்றும் ஒரு பட்டறைக்கு இது கட்டுபடியாகுமா? முதலில் விதிகளைக் காண்போம். தொழிற்பழகுநர் விதிகளில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனம் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனத்திற்கு அது விருப்பம். எண்ணிக்கை, மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை இருக்கலாம். குறைந்தபட்ச மாத உதவித்தொகை, கல்வித் தகுதிக்கேற்ப ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை என அத்திருத்தம் வகுத்தது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500 என்னும் உச்சவரம்புக்குள், அரசு ஏற்கிறது. இத்தொகை இப்போது பழகுநரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது.

நமது பட்டறை ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்ற ஒருவரை ஓராண்டுக்குச் சேர்ப்பதாகக் கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தத்தம் எண்களை இட்டுப் பார்க்கலாம்.

உதவித்தொகை மாதம் ரூ.7,000 எனில் ஆண்டுக்கு ரூ.84,000. அரசின் பங்கு ரூ.18,000 போக, பட்டறையின் செலவு ரூ.66,000. மாதம் ரூ.20,800 ஊதியம் பெறும் மூத்த பணியாளர் ஒருவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் கற்பித்தால், மணிக்கு ரூ.100 வீதம் மாதம் 26 நாளுக்கு ரூ.2,600, ஆண்டுக்கு ரூ.31,200. வீணாகும் பொருளுக்கு மாதம் ரூ.1,000 வீதம் ரூ.12,000. ஆக மொத்தச் செலவு ரூ.1,09,200.

இனி வரவு. முதல் நான்கு மாதங்களில் பழகுநரால் உற்பத்தி எதுவும் இல்லை என்றே கொள்வோம். அடுத்த நான்கு மாதங்களில், ரூ.12,000 ஊதியம் பெறும் உதவியாளர் செய்யும் வேலையில் மூன்றில் ஒரு பங்கையும், இறுதி நான்கு மாதங்களில் மூன்றில் இரு பங்கையும் அவர் செய்தால், அவற்றின் மதிப்பு முறையே ரூ.16,000, ரூ.32,000, ஆக ரூ.48,000. எனவே ஆண்டு முடிவில் நிகரச் செலவு ரூ.61,200.

இத்தொகை பெரிதா, சிறிதா? இதனை ஓர் இயந்திரக் கடனோடு ஒப்பிடுவோம். 15 லட்சம் ரூபாய்க் கடனை 10 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.31,870. இயக்க ஆளின்றி அவ்வியந்திரம் இரண்டு மாதம் சும்மா நின்றாலும் ரூ.63,740 தவணையாகச் செலுத்தியாக வேண்டும். அதாவது, ஒருவரை ஓராண்டு பயிற்றுவிக்கும் நிகரச் செலவு, ஆளில்லா இயந்திரத்தின் இரண்டு மாதத் தவணைக்கும் குறைவு. பயின்றவர் ஓராண்டு கழித்து வேறிடம் செல்லக் கூடும் என்னும் அச்சம் மெய்யானதே. ஆனால், பயிற்றுவிக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது செலவுக் கணக்கில் தனித் தலைப்பாக எழுதப்படுவதில்லை என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

பயின்றவர் நிலைப்பதற்குச் சட்டமோ பிணைப்பத்திரமோ பெரிதும் உதவுவதில்லை. இரண்டாம் ஆண்டில் எவ்வளவு ஊதியம், எந்த வேலை என்பதை முன்கூட்டியே சொல்லி அச்சொல்லைக் காப்பாற்றும் பட்டறைக்கே ஆள் நிலைக்கிறார். ஒரே பேட்டையில் உள்ள சிறுதொழிலகங்கள் ஒன்றுகூடிப் பழகுநர்களைச் சேர்த்தால், ஒருவரை விட்டுச் சென்றவர் மற்றவரிடம் சேரும்போது பேட்டைக்கு இழப்பில்லை. உலக வங்கி உதவியுடன் நடந்த ஸ்டிரைவ் திட்டம், சிறுதொழில் தொகுதிகளைத் தொழிற்பழகுநர் பயிற்சிக்குத் துணையாக்கியது இக்கருத்தின் அடிப்படையிலேயே.

பயில்பவரின் கணக்கு

கூட்டு முயற்சி என்றதும் அரசையும் தொழிலகத்தையும் மட்டும் எண்ணுகிறோம். மூன்றாம் தரப்பினரான இளையோர் தம் வாழ்வின் ஓரிரு ஆண்டுகளை முதலீடு செய்கின்றனர். அவர்கள் பக்கத்துக் கணக்கை ஆராய்ந்த ஆய்வுகள் நான்கு செய்திகளைத் தருகின்றன.

முதலாவது, சான்றிதழின் மதிப்பு. உகாண்டா நாட்டில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பயிற்சி நிலையத்தில் பயின்றவர்களையும், நேரடியாக நிறுவனத்தில் மட்டும் பயின்றவர்களையும் ஒப்பிட்டது. நிறுவனத்தில் பயின்றவர்கள் விரைவில் வேலையில் அமர்ந்தனர். ஆனால், நாளடைவில் நிலையத்தில் பயின்றவர்களே முந்தினர். அவர்களுடைய திறனுக்குச் சான்று இருந்ததால் ஒரு வேலை போனாலும் மற்றொன்றைப் பெற முடிந்தது. ஆகவே தொழிலகப் பயிற்சியும், எவ்விடத்தும் செல்லும் சான்றிதழும் இரண்டும் வேண்டும். சான்றிதழ் இல்லாத பயிற்சி, மாற்றத்தகாத காசோலை போன்றது.

இரண்டாவது, உண்மையை முன்கூட்டியே கூறுதல். பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களில் தீனதயாள் உபாத்தியாய கிராமீன கௌசல்ய யோஜனா பயிற்சியில் இருந்தோருள் ஒரு பகுதியினருக்கு, பயிற்சிக்குப் பின் கிடைக்கும் வேலை எங்கே, ஊதியம் எவ்வளவு, தங்குமிடம் எப்படி என்பதை விளக்கும் கூட்டங்கள் நடத்தப்பட்டன. மிகையான எதிர்பார்ப்புடன் வந்தோர் சிலர் முன்னரே விலகினர். விளக்கம் பெற்றோர் வேலையில் நிலைத்த அளவு மற்றவர்களினும் குறிப்பிடத்தக்க வகையில் கூடுதலாக இருந்தது. செலவு மிகக் குறைந்த சீர்திருத்தம் இது.

மூன்றாவது, பெண்களின் நிலை. தில்லியின் ஏழைக் குடியிருப்புகளில் ஆறு மாதத் தையல் பயிற்சியை ஆராய்ந்த புஷ்கர் மைத்ரா, சுபா மணி ஆகியோரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு, பயின்ற பெண்களின் வேலைவாய்ப்பும் வருமானமும் உயர்ந்ததைக் காட்டியது. பயிற்சியை முடிக்க இயலாமல் நின்றவர்களுக்குத் தடையாக இருந்தவை பயிற்சி மையத்தின் தொலைவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை, கையில் பணமின்மை ஆகியவை. ஒரு மையத்தை எங்கே அமைக்கிறோம் என்பதே பாதிப் பயிற்சி என்று கூறலாம்.

நான்காவது, நீண்ட காலப் பார்வை. எரிக் ஹனுஷெக்கும் அவருடைய குழுவினரும் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொழிற்கல்வி பயின்றோர் இளவயதில் எளிதாக வேலை பெறுகின்றனர். ஆனால் தொழில்நுட்பம் மாறும்போது, பிற்காலத்தில் பொதுக்கல்வி பயின்றோரைவிடப் பின்தங்குகின்றனர். இதனைத் தொழிற்கல்விக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்ளலாகாது. கைத்திறனோடு கணிதம், வரைபடம் படித்தல், கணினி, மொழி ஆகிய அடிப்படைகளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கான அறிவுரையாகக் கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஓர் இயந்திரத்தை இயக்க மட்டும் கற்பிக்கும் கூட்டு முயற்சி, தொழிலகத்தின் இன்றைய தேவைக்கு உகந்ததாயினும், இளைஞரின் நாற்பதாம் வயதுக்குப் போதாது. பழகுநரைக் குறைந்த கூலி ஆளாக மட்டும் நடத்தி, கூட்டிப் பெருக்கவும் சுமை ஏற்றவும் வைத்துக்கொள்ளும் இடங்களில் இந்த இழப்பு இன்னும் விரைவாக நேரும்.

வங்கியும் ஒரு கூட்டாளி

தொழிற்பயிற்சியில் வங்கிகள் வெளியாரல்லர். 1982ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் உஜிரே என்னும் ஊரில், தர்மஸ்தலாவின் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி ஆகியனவும் இணைந்து ஊரக இளைஞர்களுக்கான சுயதொழில் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. அதன் வெற்றியைக் கண்ட நடுவண் அரசு, மாவட்டத்திற்கு ஒன்று என்னும் நோக்கில் 2009 முதல் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நாடெங்கும் நிறுவச் செய்தது. அவற்றை நடத்தும் பொறுப்பு வங்கிகளிடம் உள்ளது. உணவும் தங்குமிடமும் உட்படப் பயிற்சி இலவசம். பயிற்சிக்குப் பின் ஈராண்டு வரை பயின்றவரைத் தொடர்ந்து கவனித்து, கடன் பெறவும் வழிகாட்டுகின்றனர். பயிற்றுவிப்பவரே கடனும் அளிப்பவராக இருப்பதால், பயிற்சி சரியில்லாவிடின் அக்கடன் வாராக்கடனாகும். ஆகவே இங்கும் விளிம்புத் தொகை உள்ளே இருக்கிறது.

பயில்வோர்க்கான கடன் வசதியும் விரிவடைந்துள்ளது. 2015இல் தொடங்கிய திறன் கடன் திட்டத்தில் ரூ.5,000 முதல் ரூ.1.5 லட்சம் வரை வழங்கப்பட்டது. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட திருத்தத்தின்படி, இவ்வரம்பு ரூ.7.5 லட்சமாக உயர்த்தப்பட்டு, கடன் உத்தரவாத நிதியத்தின் துணையும் அளிக்கப்பட்டுள்ளது. கடன் எளிதில் கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டா என்பதையும் வங்கியாளர் என்ற முறையில் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பயிற்சி நிலையம் தன் கட்டணத்தைப் பெற்றுக்கொள்ளும். வேலை அமைந்தாலும் அமையாவிடினும் தவணை செலுத்த வேண்டியவர் மாணவரே.

கேட்க வேண்டிய வினாக்கள்

பிள்ளைகளைச் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை:

1. இந்நிலையத்துடன் உடன்பாடு செய்துள்ள தொழிலகம் எது? அது இயந்திரமோ, பயிற்றுநரோ, பணமோ தந்துள்ளதா, பெயரை மட்டும் தந்துள்ளதா?

2. இருவகைப் பயிற்சி முறை உண்டா? இம்முறையில் ஓராண்டுப் படிப்பில் 3 முதல் 6 மாதமும், ஈராண்டுப் படிப்பில் 6 முதல் 12 மாதமும் தொழிலகத்தில் பயில வேண்டும்.

3. சான்றிதழ் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் எந்த நிலைக்கு உரியது? அது பிற மாநிலங்களிலும் செல்லுமா?

4. சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகின்றனர்? ஓரிருவரிடம் நேரில் பேச இயலுமா?

பழகுநரைச் சேர்க்க எண்ணும் தொழில்முனைவோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. கற்பிக்கும் மூத்த பணியாளர் யார்? அதற்கென அவருக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்கியுள்ளோமா?

2. எந்த மாதத்தில் எந்த வேலையைப் பழகுநர் தனியே செய்ய வேண்டும் என்னும் அட்டவணை உண்டா?

3. பயிற்சிக்குப் பின் தரவிருக்கும் ஊதியத்தை அவரிடம் இன்றே கூறியுள்ளோமா?

4. அருகிலுள்ள ஐ.டி.ஐ.யின் முதல்வரை நாம் சந்தித்து எத்தனை நாளாயிற்று?

அடுத்த முறை இயந்திரக் கடனுக்குத் திட்ட அறிக்கை அணியம் செய்யும்போது, ‘திறன்மிகு பணியாளர்’ என்னும் வரியின் கீழ் இவ்விடைகளையும் எழுதிக் கொணருமாறு நம் சிறுதொழில் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். திறன் கடன், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி ஆகியவை பற்றிய விவரங்களுக்கு வாசகர்கள் தத்தம் கிளை மேலாளரை அணுகலாம்.